விலையும் மதிப்பும்

திருகோணமலையைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தையோ கோணேசர் கோயிலின் தொன்மையையோ எடுத்துரைப்பது வழக்கம். நேயர்களே, இன்று அவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அத்துறைமுகத்தை அடுத்த மீன்சந்தைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கொட்டியாரக் குடாவிலிருந்தும் வெளிக்கடலிலிருந்தும் வரும் மீன் அங்கே காலையில் கைமாறுகிறது.

மீன் வாங்க வரும் இல்லத்தரசியைக் கவனியுங்கள். அவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். அது சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று நோக்குகிறார். கண் தெளிந்திருக்கிறதா, சதை விரலுக்கு இறுகி நிற்கிறதா என்று சோதிக்கிறார். இவ்வளவும் ஆனபின்தான் விலைப்பேச்சு. சோர்ந்துபோன மீனுக்கு விற்பவர் எத்துணை பெரிய விலை கூறினாலும், அவ்விலையைக் கேட்டு, “இது நல்ல மீனாகத்தான் இருக்கவேண்டும்” என்று அவர் எண்ணப்போவதில்லை. அடுத்த கூடைக்குப் போய்விடுவார்.

அதே இல்லத்தரசி அன்று மாலை மருந்துக்கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மருந்து, இருவேறு நிறுவனங்களின் பெட்டிகளில், இருவேறு விலைகளில் இருக்கிறது. “எது வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்கிறார். “விலை கூடியதையே தாருங்கள், அதுதான் நல்லது” என்று விடை வருகிறது. காலையில் விற்பவர் சொன்ன விலைக்கு மயங்காதவர், மாலையில் பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மயங்குவானேன்?

நமது மொழியிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. ‘மதிப்பு’ என்ற சொல்லை விலைக்கும் வழங்குகிறோம், மரியாதைக்கும் வழங்குகிறோம். ‘மலிவு’ என்பது குறைந்த விலையைக் குறித்தது. இன்று ‘மலிவான பேச்சு’, ‘மலிவான இரசனை’ என்று இழிவையும் குறிக்கிறது. ஒரு பொருளின் விலை குறைந்தால் அதன் தரமும் குறைந்தது என்ற எண்ணம் நம் நாவிலேயே குடியேறிவிட்டது எனலாம்.

பொருளை நாமே சோதித்தறிய இயலுமாயின் விலை நம்மை அவ்வளவாக ஏய்க்காது. சோதிக்க இயலாதபோதுதான் விலையையே தரத்தின் சான்றாகக் கொள்கிறோம். இது முற்றிலும் மடமை என்று சொல்லிவிட முடியாது. நல்ல மரத்தில் செய்த நாற்காலிக்கு விலை கூடுதலாக இருப்பதைப் பலமுறை கண்டவன், அறியாத பொருளிலும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறான். ஆனால் விலை உயர்வதற்குத் தரம் ஒன்றே காரணமன்று.

மீண்டும் சந்தைக்கே வருவோம். ஒரு மீன் புதியதா பழையதா என்பதில் நம்மவர் ஏமாறுவதில்லை என்றேன். ஆனால் எந்த மீன் உயர்ந்தது, எந்த மீன் தாழ்ந்தது என்பதில் அவர்களும் விலைக்குத் தலைவணங்குகிறார்கள். அறக்குளாவும் விளைமீனும் பாரையும் ஒரு வரிசை. சூடையும் கீரிமீனும் நெத்தலியும் மற்றொரு வரிசை. சம்பந்தி வீட்டார் வந்திருக்கும் நாளில் சூடைமீன் குழம்பு வைக்க எந்த வீட்டில் துணிவார்கள்? “எங்களை இவ்வளவுதான் மதித்தார்கள்” என்ற பேச்சு ஊர் போய்ச் சேருமுன்னரே எழுந்துவிடும்.

அறக்குளாவின் விலை ஏன் உயர்ந்தது? முள் குறைவு, துண்டம் துண்டமாக வெட்டலாம், ஐஸ் இட்டுக் கொழும்புக்கு அனுப்பலாம், ஹோட்டல்கள் கேட்டு வாங்குகின்றன. சூடையின் விலை ஏன் தாழ்ந்தது? கூட்டங்கூட்டமாக வருவது, கரைவலையில் ஒரே இழுப்பில் குவிவது, விரைவில் கெடுவது, முள் மிகுந்தது. இக்காரணங்களுள் உடம்புக்குத் தரும் ஊட்டத்தைப் பற்றியது ஒன்றேனும் உண்டா? இல்லை. சூடை, கீரி முதலான மீன்களில் இருதயத்துக்கு நன்மை செய்யும் ஒமேகா–3 கொழுப்பு நிறைந்துள்ளது. நெத்தலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. வளரும் பிள்ளைக்கு இவற்றினும் ஏற்ற உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் பல குடும்பங்கள் முதலில் கைவிடுவது இச்சிறுமீன்களையே. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாவறை செய்து கொடுத்த நம் பாட்டிமார் விலையை அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தின் மறுபக்கத்தில், சீனன்குடாவில், 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பெரிய கோதுமை ஆலை உள்ளது. கப்பலில் வந்திறங்கும் கோதுமை அங்கே மாவாகி நாடெங்கும் செல்கிறது. வெள்ளை மாவில் செய்த பாணும் ரொட்டியும் நாகரிகத்தின் அடையாளமாகவும், குரக்கன் பிட்டு வறியவனின் உணவாகவும் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றோ கடையில் குரக்கன் மாவின் விலை கோதுமை மாவின் விலையைக் கடந்து நிற்கிறது. அழகிய பொதியில் அடைத்து வைக்கப்படுகிறது. படித்தவர்கள் பெருமையோடு வாங்குகிறார்கள். நீரிழிவைப் பற்றிய அச்சமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தானியம் அதே தானியம். விலை ஏறியபின் அதன் குலமும் ஏறிவிட்டது!

மீனிலும் மாவிலும் இம்மயக்கத்தால் வரும் இழப்பு சிறிது. மருந்தில் அப்படியன்று.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. பாஸ்டன் நகரில் 82 பேருக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த வலியைத் தணிக்கும் புதிய மருந்து என்று கூறி ஒரு மாத்திரையை அளித்தார்கள். ஒரு சாராரிடம் அதன் விலை இரண்டரை டாலர் என்றார்கள்; மறுசாராரிடம் விலை குறைக்கப்பட்டுப் பத்துச் சதமாயிற்று என்றார்கள். முதற்சாராரில் 100க்கு 85 பேர் வலி தணிந்தது என்றனர். இரண்டாம் சாராரில் அவ்வாறு கூறியவர்கள் 100க்கு 61 பேர். உண்மையில் அம்மாத்திரையில் மருந்தே கிடையாது!

“அப்படியானால் விலை கூடிய மருந்தே மேல் அன்றோ?” என்று ஒருவர் வாதிடக்கூடும். வலி மனத்தோடு உறவுடையது. அங்கே நம்பிக்கை சிறிது வேலை செய்யும். நோய்க்கிருமியோ பெட்டியில் அச்சிட்ட விலையை வாசிப்பதில்லை. இரத்தத்திலுள்ள சர்க்கரையும் அதனை வாசிப்பதில்லை. விலை கூடியதையே வாங்குவேன் என்று பிடிவாதம் கொண்டு, மாதக் கடைசியில் பணம் போதாமல், இரண்டு மாத்திரை உண்ணவேண்டிய இடத்தில் ஒன்றை உண்ணும் நீரிழிவு நோயாளருக்கு அப்பெரிய பெயர் என்ன நன்மை செய்யும்? முழு அளவில் உண்ட மலிவு மருந்து, அரை அளவில் உண்ட விலையுயர்ந்த மருந்தைவிட அவரைக் காப்பாற்றும்.

இலங்கைக்கு இந்த உண்மையை எடுத்துக் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பித்த அவர், ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் பல விலைகளுக்கு வாங்குவதால் நாட்டின் செல்வம் வீணாகிறது என்று கண்டார். 1971ஆம் ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரைக் கொண்டு, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கும் முறையை ஏற்படுத்தினார். 1977இல் தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் பணியிலிருந்தபோது காலமானார். பின்னர் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அரசாங்கம் உச்ச விலை விதித்தது. இவை விலையைத் தாழ்த்தும் முயற்சிகள். விலை தாழ்ந்தவுடன் மதிப்பும் தாழ்ந்ததாக எண்ணும் மனத்தை எந்த வர்த்தமானியாலும் மாற்ற இயலாது.

மக்களின் ஐயத்தையும் ஏளனம் செய்யலாகாது. 2023ஆம் ஆண்டில் தரங்குறைந்த மருந்துகள் பற்றி எழுந்த செய்திகள் இந்நாட்டை உலுக்கின. அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து விலையன்று. மீனுக்குச் செவுள் இருக்கிறது. மாத்திரைக்கு அது இல்லை. நாம் பார்த்தறிய முடியாததை நமக்காகப் பார்த்துச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். பதிவு செய்யாத மருந்தைத் தடுப்பதும், பதிவு செய்ததை அடிக்கடி எடுத்துச் சோதிப்பதும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கடமை. அக்கடமை செவ்வனே நடைபெறுகிறது என்று மக்கள் கண்ணாரக் காணுமளவுக்கே மலிவு மருந்தின்மீது நம்பிக்கை பிறக்கும். மக்களை அறியாதவர் என்று கடிந்துகொள்ளும் அதிகாரிகள் இதனை முதலில் எண்ணவேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, மருந்துக்கடையில் இரண்டு வினாக்களைக் கேட்கப் பழகலாம். இம்மருந்தின் பொதுப்பெயர் என்ன? அதே மருந்து, அதே அளவில், பதிவு பெற்ற வேறு நிறுவனத்தினது குறைந்த விலையில் உண்டா? பெரும்பாலானவற்றுக்கு மருந்தாளரே விடை கூறுவார். வலிப்பு நோய்க்குரியவை போன்ற சில மருந்துகளை மட்டும் இடையில் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது தகாது. அவற்றைப் பற்றி மருத்துவரைக் கேட்டபின்னரே முடிவு செய்தல் வேண்டும்.