கருவுற்ற காலத்து மாற்றங்களும் குடும்பத்தாரின் கவனமும்

(பொதுக்குழுக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற குடும்ப நல அமர்வில் ஆற்றிய உரை)

 

தாய்மைச் செவிலியப் பணி குறித்துப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் எங்களைப் பணித்தபோது, இதனைப் பெண்களுக்கு மட்டும் தனியே கூறினால் போதாதா என்று சிலர் கேட்டனர். போதாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா, விடியும்வரை பொறுத்திருப்பதா என்பதைப் பெரும்பாலான வீடுகளில் முடிவு செய்பவர்கள் கணவரும் மாமியாருமே. அவர்களும் கேட்டாக வேண்டிய செய்தி இது.

கருவுற்ற பெண்ணின் உடலில் நிகழும் மாற்றங்களுள் பெரியது இரத்தத்தில் நிகழ்வதாகும். அதன் மொத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. பெருகுவதில் நீர்ப்பகுதியே மிகுதி. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே இரத்தம் சற்று நீர்த்திருப்பது இயற்கையே. ஆயினும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அதனை இரத்தசோகை என்றே நம் நாட்டில் கணக்கிடுகின்றனர். இதற்காகத்தான் நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையை விழுங்கிய கையோடு தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சேர்வது மிகவும் குறைந்துவிடும். நம் வீடுகளில் தேநீர் இல்லாத வேளை எது? கால்சியம் மாத்திரையையும் இதனுடன் சேர்த்து உண்ணலாகாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிந்த பெண்களை நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அது இரும்புச்சத்தின் நிறமேயன்றி நோயன்று.

நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இடுப்பு வலி ஆகியவை பெரும்பாலும் இயல்பானவையே. பின்மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைச்சுற்றல் உண்டாகலாம். ஒருக்களித்துப் படுப்பதே நலம்.

ஆனால் வீக்கத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. மாலையில் கணுக்கால் வீங்கி, காலையில் வற்றிவிடுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. முகமும் கைகளும் திடீரென வீங்கினால் அது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் மாதத்திலிருந்த ஒரு பெண்ணுக்கு முகம் வீங்கியது, மோதிரம் கழலவில்லை. “புள்ளைத்தாச்சிக்கு வீங்காமலா இருக்கும்?” என்றனர் வீட்டார். இரண்டு நாட்கள் கடுந்தலைவலி. நெற்றியில் தைலம் தடவினர். கண் மங்குகிறது என்றாள். உறங்கினால் சரியாகும் என்றனர். மூன்றாம் நாள் பின்னிரவில் வலிப்பு கண்டது. தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அந்த வீட்டாருள் எவரும் அன்பற்றவர் அல்லர். எது இயல்பு, எது ஆபத்து என்பதை அவர்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. செவிலியரான எங்களுக்கும் அதில் பங்குண்டு.

இருபது வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டினாலோ, தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ ஒருநாளும் காத்திருத்தல் கூடாது. இரத்தக் கசிவுக்கும், குழந்தையின் அசைவு குறைவதற்கும் இதுவே விதி. உரிய வேளையில் மருத்துவமனையை அடைந்தால் மருந்துண்டு. மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய ஊசி மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. இரவானாலும் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

ரமளானைப்பற்றியும் ஒரு சொல். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கம் சலுகை அளித்துள்ளது. பின்னர் நிறைவேற்ற வேண்டியவை குறித்து இமாம் அவர்களிடம் கேட்டறியலாம். நாங்கள் கண்ட துயரம் வேறு. நோன்பை விட்ட பெண், வீட்டார் அனைவரும் நோன்பிருக்கையில் தான் மட்டும் உண்பதற்கு நாணி, பகல் முழுதும் ஒரு வாய் நீர்கூட அருந்தாமல் இருந்துவிடுகிறாள். நோன்பும் இல்லை, உணவும் இல்லை. மாமியார் தாமே தட்டில் இட்டு அழைத்தாலன்றி அவள் உண்ணமாட்டாள்.

இம்மாதம் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பின் மதரஸாவின் பெண்கள் பகுதியில் இரத்த அழுத்தம் பார்க்க இருக்கிறோம். கட்டணமில்லை. வருபவர்கள் தாய்சேய் நல அட்டையை மறவாமல் கொண்டுவரவும். உடன் வரும் ஆண்கள் வெளித் திண்ணையில் காத்திருக்கலாம்.