இன்ஸ்ப்ரூக் நர்ஸ் வேலை: கையெழுத்துப் போடும் முன்

(பெற்றோருக்கான வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, நர்சிங் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளே! ஆஸ்திரியா, இன்ஸ்ப்ரூக் என்ற பெயர்கள் நம் மஹல்லாவில் இப்போது அடிக்கடி அடிபடுகின்றன. ஏஜெண்டு ஒருவர் காட்டிய பனிமலைப் படத்தை நம்பி, மகளின் நகையோடு வட்டிக்கடை வாசல் வரை போய்விட்ட ஒரு வாப்பாவை அழைத்து வந்து பேசினோம். அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்கிறோம்.

வேலை இருப்பது உண்மை. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. 1964லும் 1976லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனிச்சறுக்கு ஆடப் போகிறவர்கள் முழங்கால் ஜவ்வு கிழிந்தும், மணிக்கட்டு உடைந்தும், தோள் மூட்டு நழுவியும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சிலரை மலையிலிருந்து ஹெலிகாப்டரிலேயே கொண்டு வருவார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் ஆள் தேடுவது முதியோர் பராமரிப்புக்கு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அதில் சேரும். நம் ஊரில் ஆயாவும் வீட்டாரும் செய்வதை அங்கே நர்ஸும் செய்வார். இதைப் பிள்ளையிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்தது மொழி. ஜெர்மன் தெரியாமல் வார்டில் நிற்க முடியாது. பி2 நிலைக்கு ஓராண்டாவது ஒதுக்குங்கள். மூன்றே மாதம் என்கிறவரை நம்ப வேண்டாம். அதன் பிறகும் அந்த மலைநாட்டுக் கிழவர்கள் பேசும் வட்டார வழக்கு பாடப்புத்தகத்தில் இருக்காது!

நம் பி.எஸ்ஸி. நர்சிங் பட்டத்தை அங்குள்ள பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை இருந்தால் கூடுதல் தேர்வும் பயிற்சியும் உண்டு. அதுவரை பெரும்பாலும் உதவியாளர் நிலை, அதற்கேற்ற சம்பளம்தான். அங்கீகாரம் கிடைத்தபின் சுகாதாரப் பணியாளர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். வேலை அனுமதிக்கு 'சிவப்பு-வெள்ளை-சிவப்பு அட்டை' என்று பெயர். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்க முடியாது.

மார்க்க விஷயத்தையும் மறைக்காமல் பேசுவோம். ஆஸ்திரியாவில் இஸ்லாம் 1912 முதலே சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட மதம். துருக்கிக் குடும்பங்கள் நிறைய உண்டு. ஹலால் கடைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பொது இடத்தில் முகத்தை மூடுவதற்கு 2017 முதல் தடை. வார்டில் தலையை மறைக்கலாமா என்பதை நேர்காணலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்பது கிருமித் தடுப்பு விதி. இதைப் பற்றி இப்போதே ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். போனபின் போனில் அழுது பயனில்லை. கோடையில் இஷா நள்ளிரவை ஒட்டி வரும், அதிகாலை ஷிப்டும் இருக்கும். "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலையா?" என்று கேட்கும் உறவினருக்கு, அகழ்ப்போரில் காயமுற்றவர்களுக்குக் கூடாரத்தில் மருந்திட்ட ருஃபைதா (ரலி) அவர்களை நினைவூட்டுங்கள்.

இனி பணம். அந்த வாப்பாவிடம் கேட்டது ஆறு லட்சம். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணமோ 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். அந்தப் பிள்ளை இப்போது ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். கட்டணம் நம் பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடன். நகை அவள் உம்மாவிடமே இருக்கிறது.

இதே உதவி வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். சான்றிதழ்களின் நகல் போதும். அசலை எங்களிடமும் கொடுக்க வேண்டாம்.