ஒரு பழைய யுத்த ஜீப்பின் பூர்வோத்தரம்

(கள்ளக்குறிச்சியில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இப்பந்தலின் வாயிலில் நிற்கும் ஜீப்பை நீங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திற்கு அருகே ஒரு கொட்டகையில் துருவேறிக் கிடந்த அதனை நம் வாலிபர் சிலர் இரண்டாண்டு உழைத்துச் செப்பனிட்டனர். அதன் சரித்திரத்தை ஆராயப் புகுந்தபோது நாம் கற்ற பாடம் ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

அது பர்மா யுத்தத்தில் ஓடிய வண்டி என்பது ஊரார் கூற்று. நம் அங்கத்தினரான முதியவர் ஒருவரோ, பட்டாளத்தில் மோட்டார் ஓட்டியாயிருந்த தம் தந்தையார் ஓட்டியதே அது என்றும், அவ்வாறே பித்தளைத் தகட்டில் பொறித்து வண்டியிற் பதிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மறுக்க மனம் வருமோ? ஆயினும், பொறிக்குமுன் ஆராய்வதே முறையெனக் கொண்டோம்.

ஜீப்பு பிறந்தது அமெரிக்காவில். 1940-இல் பாண்டம் என்னும் சிறு கம்பெனி அதன் முதல் மாதிரியைச் செய்தது. பின்னர் வில்லீஸ், ஃபோர்டு என்னும் இரு கம்பெனிகளும் ஒரே அமைப்பில், 1945-க்குள் 6 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. யுத்தம் முடிந்தபின் எஞ்சியவை டிஸ்போஸல் ஏலத்தில் விற்கப்பட்டன. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் வில்லீஸ் உறுப்புக்களைத் தருவித்து ஜீப்புக்களைப் பூட்டத் தொடங்கினர். ஆகவே, பழைய ஜீப்பெல்லாம் யுத்த ஜீப்பு ஆகிவிடாது.

வேற்றுமையை அறிவது எங்ஙனம்? யுத்தகாலத்து முகப்புத் தகட்டில் துளைகள் 9. பிற்காலத்துக் குடிவண்டிகளில் 7. நம் வண்டியில் 9 உள. முன்புறத்துக் குறுக்குச் சட்டம் வில்லீஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த ஓடைபோன்ற தகடு. நம்முடையது தகடே. மேலும், ஃபோர்டு கம்பெனியார் தம் திருகாணிகளிலும் 'எஃப்' என்னும் எழுத்தை முத்திரையிட்டனர். துருவைச் சுரண்டியபோது அதுவும் புலப்பட்டது. எஞ்சினிலோ வில்லீஸுக்குரிய 'எம்.பி.' என்னும் குறி காணப்பட்டது. ஆகவே, சட்டம் ஒரு கம்பெனியுடையது, எஞ்சின் மற்றொன்றினுடையது. பட்டறைகளில் ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பூட்டுவது இயல்பே.

வண்டி மெய்யாகவே யுத்தகாலத்தது என்பது தெளிவாயிற்று. ஆனால், அது பர்மா சென்றதற்கோ, அப்பெரியவர் அதனை ஓட்டியதற்கோ அத்தாட்சி ஒன்றும் கிட்டவில்லை. எஞ்சின் மூடியின் வர்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தும் பட்டாளத்து இலக்கம் அகப்படவில்லை; முன்னமே எவரோ முற்றும் சுரண்டியிருந்தனர்.

இதனை முதியவரிடம் கூறியபோது அவர் கண் கலங்கினார். மறுநாள் ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். உள்ளே அவர் தந்தையாரின் பட்டாள விடுதலைப் பத்திரம் இருந்தது. பெயர், ஊர், ஓட்டி என்னும் உத்தியோகம், சேவை செய்த ஆண்டுகள் யாவும் அதில் எழுதப்பட்டிருந்தன. "ஐயா, உங்கள் தந்தையாரின் பெருமைக்கு இவ்வண்டி சாட்சி சொல்லவேண்டுவதில்லை, இக்காகிதமே போதும்" என்றோம். பித்தளைத் தகட்டில் வண்டியைப்பற்றி அறிந்ததை மட்டும் பொறித்தோம். பத்திரத்தின் நகலைக் கண்ணாடியிட்டுச் சங்க மண்டபத்தில் மாட்டினோம். அதனடியில் நின்று தம் பேரனுக்கு அவர் அதனை வாசித்துக் காட்டியதை நாம் கண்டோம்.

சகோதரர்களே! நம் சமூக சரித்திரத்தை எழுதவேண்டும் என்னும் ஆவல் நம்மிற் பலருக்கு உண்டு. எழுதுவோம், ஆனால், இல்லாத இலக்கத்தை எழுதிக்கொள்ளோம். இரண்டாம் உலகயுத்தத்தில் இந்திய சேனையில் சுமார் 25 லட்சம் பேர் சேவித்தனர். அவர்களுள் நம் முன்னோர் எவரெவர் என்பதற்குச் சான்று உங்கள் பரண்மேல் இருக்கலாம். கறையான் முந்துமுன் நாம் முந்தவேண்டும். பழைய காகிதங்களைத் தேடுவோர் ஒன்று நினைவிற் கொள்க: நம் ஊர் 1993 வரை தென்னார்க்காடு ஜில்லாவையும், பின்னர் விழுப்புரத்தையும் சேர்ந்திருந்தது, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். ஆதலின், அப்பெயர்களிலும் தேடுக.

கிடைத்தவற்றைச் சங்கத்திற்குக் கொணருங்கள். நகலெடுத்து மூலத்தை உங்களிடமே ஒப்புவிப்போம்.