பிள்ளைகளின் வினா, பெரியவர்களின் விடை



மாலையில் நண்பர்கள் கூடும்போது, பிள்ளைகளின் பாடநூல் வினாக்களை ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். சூரியனைச் சுற்றும் கோள்கள் எத்தனை? பெரியவர் ஒன்பது என்பார். பிள்ளை எட்டு என்னும். 2006-இல் புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. அவர் படித்த காலத்தில் ஒன்பதே சரியான விடை.

விடை தவறியவரைக் கண்டு நகைத்தல் வேண்டா. நாணமுற்றவர் பிறகு பிள்ளையின் புத்தகத்தருகே அமரவும் கூசுவார்.

மலேசியாவில் மாநிலங்கள் எத்தனை? 1964-இல் பள்ளியில் இருந்த முதியவர் 14 என்பார். 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தபின் 13 ஆயிற்று. கொடியிலோ இன்றும் 14 கோடுகள். (அவற்றை எண்ணி விடை சொல்லும் கெட்டிக்காரரும் உண்டு!) பதினான்காவது கோடு இப்பொழுது கூட்டரசைக் குறிக்கிறது. ஆகவே, 14 என்பவரிடம் அவர் எந்த ஆண்டில் படித்தார் என்பதை முதலில் கேளுங்கள்.