பூட்டுத் திறந்தால் மட்டும் போதாது



ஊருக்குப் போய் வரும்போது கொழும்பிலோ சென்னையிலோ ஒரு கைத்தொலைபேசியையும் வாங்கி வருவது நம்மவர் வழக்கம். இங்கே வந்து சிம்மைப் போட்டதும், "அண்ணை, இது அன்லொக் போன்தானே, ஏன் வேலை செய்யுதில்லை?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் கணக்காளன். என்றாலும் இந்தக் கேள்விக்கான விடையும் எண்களில்தான் இருக்கிறது.

முதலாவது, பூட்டு. 2016 ஆம் ஆண்டில் மட்டும் கனடிய நிறுவனங்கள் பூட்டுத் திறப்பதற்கு அறவிட்ட தொகை 3 கோடியே 77 இலட்சம் டொலர். சி.ஆர்.ரி.சி. ஆணைக்குழு 2017 டிசெம்பர் 1 முதல் இதை நிறுத்தியது. இங்கே நிறுவனங்கள் விற்கும் புதுத் தொலைபேசிகள் பூட்டில்லாமல் வரவேண்டும். பழையதையும் இலவசமாகத் திறந்துதர வேண்டும். மறுத்தால் சி.சி.ரி.எஸ். அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். வெளிநாட்டு நிறுவனம் பூட்டியதை அந்த நிறுவனம்தான் திறக்க வேண்டும்.

இரண்டாவது, அலைவரிசை. இலங்கையிலும் இந்தியாவிலும் 4ஜிக்குப் பெரிதும் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் இங்கே பயன்படுவதில்லை. இங்கே 700, 850, 1900, 1700/2100 போன்றவை. இவை இல்லாத தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது, அல்லது வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் போனதும் அறுந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். அது குரல். 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டு வருவதால், அழைப்பும் 4ஜி வழியாகவே போகவேண்டும். இதற்கு வி.ஓ.எல்.ரி.ஈ. என்று பெயர். தொலைபேசியில் அந்த வசதி இருந்தாலும், உங்கள் நிறுவனம் அந்த மாதிரியை ஏற்காவிட்டால் அழைப்புப் போகாது. வட்ஸ்அப் வேலை செய்யும்; 911 கிடைக்காமல் போகலாம். அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்ரோபரில் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜியில் அவசர அழைப்பு எடுக்க முடியாத தொலைபேசிகளை நிறுவனங்கள் தடைசெய்ய வேண்டும் என்று அரசே விதித்தது.

பிள்ளைகள் புதிது வாங்கியதும் பழையது அம்மம்மாவுக்குப் போகிறது. பகலில் வீட்டில் தனியே இருப்பவரும் அவர்தான்.

ஆகவே காசு கொடுக்க முன்னர் *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். களவுபோன தொலைபேசிகளின் பட்டியல் கனடாவில் 2013 முதல் உண்டு. அதில் உள்ள தொலைபேசியைப் பூட்டுத் திறந்தும் பயனில்லை. அந்த எண்ணைக் காட்டி, "இதில் வி.ஓ.எல்.ரி.ஈ. அழைப்பு வேலை செய்யுமா?" என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். அழைப்புச் சரி, இணையம் மட்டும் வரவில்லை என்றால் ஏ.பி.என். அமைப்பைக் கேட்டுப் பதியுங்கள்.

கடைசியாக, வைஃபையை நிறுத்திவிட்டு வீட்டிலுள்ள ஒருவருக்குச் சாதாரண அழைப்பு எடுத்துப் பாருங்கள். சோதனைக்காக 911 ஐ அழைக்க வேண்டாம். இன்று மாலையே அம்மம்மாவின் தொலைபேசியில் இதைச் செய்து பாருங்கள்.