கையில் ஒட்டும் கருவியா, விரல் நுனி இரத்தமா?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போயிருந்தபோது, லண்டனிலிருந்து லீவில் வந்த ஒரு பெரியவரைக் கண்டோம். இன்சுலின் போடுகிறவர். மேல்கையில் காசு போல ஒரு வில்லை ஒட்டியிருந்தது. "இதுதான் தம்பி என்ர காவல்காரன்" என்று போனைக் காட்டினார். சீனி ஏறி இறங்குவது கோடாகத் தெரிந்தது.

இதைச் சொன்னதும், "அப்போ நம்ம டெஸ்ட் எல்லாம் சும்மாவா?" என்று சிலர் கேட்டீர்கள். இல்லை.

அந்தக் கருவியின் மெல்லிய இழை தோலுக்குக் கீழேயுள்ள நீரில் சீனியை அளக்கிறது. இரத்தத்தில் நடப்பது அங்கே தெரியச் சில நிமிடம் பிந்தும். அதனால் உடம்புக்கு ஒரு மாதிரி இருந்து, கருவி சரியென்று காட்டினால், அவர்களும் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் முதலாம் வகை நீரிழிவுள்ள பெரியவர்களுக்கு இதைக் கொடுக்கும்படி 2022இல் சிபாரிசு செய்தார்கள். இன்சுலின் போடுவோருக்கு மிக உதவி. ஆனால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கொரு தடவை புதிதாக வாங்க வேண்டும். நம்ம சம்பளத்துக்குக் கட்டாது.

நமக்கு மூன்று டெஸ்ட் இருக்கிறது. விரலில் குத்துவது அந்த நேரத்துச் சீனியைச் சொல்லும். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுக்கும் இரத்தத்தில் 126க்குக் குறையாமல் இரண்டு தடவை வந்தால் சீனி வியாதி. ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டும், 6.5 வீதமும் அதற்கு மேலும் வியாதிதான். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் சீனியைக் குறைத்து இந்த டெஸ்டை ஏமாற்ற முடியாது!

நம்ம மலையில் ஓர் அக்கா, வெறும் தேத்தண்ணியோடு மாத்திரை போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார். பத்து மணிக்கு வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். டிஸ்பென்சரியில் குத்திப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனித் தண்ணி குடித்துத் தேறினார். அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு சொட்டு இரத்தந்தான்.

ஆகவே, சாப்பிடாமல் மாத்திரை போட்டு மலை ஏறாதீர்கள். மடியில் கொஞ்சம் சீனி வைத்திருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். அரைநாள் பேர் போனாலும் கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். கருவி இல்லாததால் அல்ல, பார்க்காமல் விடுவதால்தான் நம்மவர்கள் கண்ணையும் காலையும் இழக்கிறார்கள்.