கையெழுத்துப் போடுமுன்

(2025 ஜூலையில் குற்றாலத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "உள்ளாட்சியில் பெண்களின் பங்கு". இதை எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2016-ல் பாதி இடம் பெண்களுக்குன்னு தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினாங்க. நம்ம மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடந்தப்போ கடையம் ஒன்றியம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படிச்ச சின்ன வயசுப் பொண்ணு தலைவராகி, பேப்பரில் எல்லாம் படம் வந்துச்சு. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா நான் பேச வந்தது தலைவர் ஆகாத நம்மளைப் பற்றி. கிராம சபையில் நாற்காலி கிடைக்காம, பின்னால மரத்தடியில் நிற்கிற நம்மளைப் பற்றி. அதிலும் நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி.

2017 ஆகஸ்ட் 15. எங்க ஊரில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடிஞ்ச பிறகு கிராம சபை. அப்போ ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிஞ்சது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோதும், மாவட்டம் பிரிச்சதால நம்ம பக்கம் நடக்கலை. 2021 அக்டோபர் வரைக்கும் முழுசா 5 வருஷம் தனி அலுவலர் நிர்வாகம்தான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லைன்னு மத்திய நிதிக்குழு மானியத்தையும் டெல்லியில் நிறுத்தி வச்சாங்க. அந்த அஞ்சு வருஷம் தெருவிளக்கு எரியாம இருந்ததுக்கும் குழாயில் தண்ணி வராம இருந்ததுக்கும் நாம ஆபரேட்டர் அண்ணாச்சியைத் திட்டினோம். பாவம், அவர் என்ன செய்வார்!

அன்னைக்கு சபைக்கு ஆள் சேரலை. கிராம சபைக்குக் கோரம்னு ஒண்ணு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சின்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர் வேணும். எங்க ஊருக்கு 200 வேணும். எங்க இருந்து வருவாங்க? 100 நாள் வேலைக்குப் போறவுகளைக் கூப்பிட்டாங்க. குழுப் பெண்களைக் கூப்பிட்டாங்க. "கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கம்மா, சீக்கிரம் முடிச்சிரலாம்"னு சொன்னாங்க. எனக்கு வீட்டில் பீடித் தட்டு பாதியில் கிடந்துச்சு. சாயங்காலம் கடையில் கட்டு ஒப்படைக்கணும். நோட்டை வாங்கினேன், என் பேருக்கு நேரா போட்டேன், வந்துட்டேன். மேலே என்ன எழுதியிருக்குன்னு பார்க்கவே இல்லை. பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ நான். வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்க குழுவில் ஒரு அக்கா உண்டு. பேர் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டா. இந்தக் கூட்டத்தில்தான் இருக்கா. வீட்டுக்காரர் இறந்த பிறகு பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தா. மழை ஓய்ந்தா மகனைக் கூட்டிக்கிட்டு செங்கல் சூளைக்குப் போவா, நாலஞ்சு மாசம் கழிச்சு வருவா. இருக்கிறது ஓலைக் குடிசை. சாரல் காலத்தில் கூரை மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, அது பறக்காம இருக்க நாலு கல்லை வைப்பா. மத்திய அரசின் வீடு கட்டும் திட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பை வச்சுத் தயாரிச்ச பட்டியலில் அவ பேர் இருந்துச்சு. அந்தத் திட்டத்துக்கு மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40-ன்னு பங்கு போட்டு 1,20,000 ரூபாய். நம்ம மாநில அரசு கான்கிரீட் கூரைக்குன்னு தனியா கொடுக்கிறதையும் சேர்த்து பின்னால 2,40,000 ஆச்சு. வரிசைப்படி வரும் வரும்னு காத்திருந்தா.

அடுத்த வருஷம் ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கா. அங்கே ஒரு நகலை எடுத்துக் காட்டி, "உங்க ஊர்க்காரங்கதாம்மா உங்க பேரை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்காங்க"ன்னு சொல்லியிருக்காங்க. "கீழ்க்கண்டவர்கள் ஊரை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்து விட்டபடியால்" என்று ஆரம்பிக்கிற தீர்மானம். ஆகஸ்ட் 15 தேதி. சரிபார்க்க வந்தவர் குடிசை பூட்டியிருந்ததைப் பார்த்து எழுதிட்டுப் போயிருக்கார். அவ சூளையில் இருந்த நேரம். இதில் யாரும் யாருகிட்டயும் காசு வாங்கலை, யாரும் பழி தீர்க்கலை. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. கெட்டவன் ஒருத்தன் இருந்தா அவனைத் திட்டிட்டுப் போயிரலாம்.

நகலைக் கொண்டுவந்து என் தட்டுக்கு முன்னால வச்சா. கையெழுத்து வரிசையில் என் பேரைக் காட்டிக் கேட்டா: "ஏட்டி, நான் ஊரை விட்டு எங்க போனேன்?"

வாரம் தவறாம குழுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்றவ அவ.

நாம குழுவில் எப்படி இருக்கோம்? 5,000 ரூபாய் உள்கடன் யாருக்குக் கொடுக்கிறதுன்னு அரை மணி நேரம் சண்டை போடுவோம். தீர்மான நோட்டை ஊக்குநர் சத்தமா வாசிக்காம ஒருத்தியும் பேனாவைத் தொடமாட்டா. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தா அன்னைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தை கிராம சபை வாசலில் செருப்போட சேர்த்துக் கழற்றி வச்சிட்டு உள்ளே போறோம். லட்சக்கணக்கில் பணம் பேசுற இடத்தில் மட்டும் நமக்கு அவசரம் வந்துருது.

அதுக்குப் பிறகு நாங்க ஒரு முடிவு எடுத்தோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இப்போ வருஷத்துக்கு ஆறு சபை. ஒவ்வொண்ணுக்கும் குழுவுக்கு ரெண்டு பேர் போகணும். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, கேட்ட பிறகுதான் கையெழுத்து. இது சொல்றதுக்கு லேசு. முதல் தடவை நான் எழுந்து "சார், வாசிங்க"ன்னு சொன்னப்போ எங்க சின்ன மாமனாரே திரும்பிப் பார்த்து முறைச்சார். ராத்திரி வீட்டில் வேற கதை, அது இங்கே வேண்டாம்.

வாசிக்கக் கேட்டால்தான் பணம் எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு பிடிபடுது. படிவம் 30-ன்னு வரவு செலவுக் கணக்கை சபையில் வைப்பாங்க. அதைப் பாருங்க. 15-வது நிதிக்குழு மானியம் 100 ரூபாய் வந்தா, 60 ரூபாய் குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணும், வேற எதிலும் கை வைக்கக் கூடாது. மீதி 40-ஐ ஊர்த் தேவைக்கு ஊராட்சி முடிவு செய்யலாம். சண்டை எல்லாம் அந்த 40-க்குத்தான்.

எங்க ஊரில் வடக்குத் தெருக்காரங்க பேவர் பிளாக் ரோடு கேட்டாங்க. நாங்க மகளிர் சுகாதார வளாகத்துக்கு மோட்டார் கேட்டோம். கதவு துருப்பிடிச்சு, தண்ணி இல்லாம, பெண்கள் இருட்டுற வரைக்கும் காத்திருந்து ஓடைப் பக்கம் போய்க்கிட்டு இருந்த காலம். "ரோடு போட்டா எல்லாரும் நடப்பாங்க, கக்கூஸுக்கு எத்தனை பேர் வருவீங்க"ன்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். எங்க ஊக்குநர் அக்கா பதில் சொல்லலை, ஒரு கேள்விதான் கேட்டா: "மோட்டார் சுகாதாரத்துல வருமா, வராதா?" ஊராட்சி செயலர் வரும்னார். அப்போ அது 60-லேயே வரும். ரோட்டுக்கு 40 அப்படியே இருக்கு. ரெண்டு மணி நேரமா நாங்க ஒருத்தரை ஒருத்தர் பேசினது எல்லாம் தேவையே இல்லாத பேச்சு! கணக்கு தெரியாததால அண்டை வீட்டுக்காரங்க மூஞ்சியைப் பார்க்காம இருந்தோம்.

எல்லாச் சண்டையும் இப்படிச் சுமுகமா முடியும்னு நினைச்சிராதீங்க. தெற்குக் காலனிக்குத் தண்ணி இன்னும் ஒழுங்கா வரலை. ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர்னு கணக்கு. குழாய் இருக்கு. கடைசி வீட்டுக்காரி இன்னும் தலையில்தான் சுமக்கா. மூணு சபையில் தீர்மானம் போட்டாச்சு.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி வண்டி புளியரை ஏறி ஆரியங்காவு தாண்டினா கேரளா. அங்கே 1996-லேயே மக்கள் திட்டம்னு கொண்டுவந்து, மாநிலத் திட்ட நிதியில் 35 சதவீதத்துக்கு மேல உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அதில் பத்தில் ஒரு பங்கு பெண்களுக்கான திட்டங்களுக்குன்னு வச்சாங்க. 1998-ல் வந்த குடும்பஸ்ரீ குழுக்கள் தங்களுக்குள்ளே பேசி எழுதிய தேவைகளைத்தான் சபைக்குக் கொண்டு போறாங்க. அங்கே எல்லாம் தங்கம்னு நான் சொல்லலை. ஆனா பட்டியலோட போறவுகளுக்கும் வெறுங்கையோட போறவுகளுக்கும் வித்தியாசம் இருக்கு. நமக்கும் அந்த வழி இல்லாம இல்லை. வருஷா வருஷம் நம்ம கூட்டமைப்பே குழுக்குழுவாக் கேட்டு வறுமைக் குறைப்புத் திட்டம் எழுதி, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கணும். கொடுக்கிறோம். ஆனா எத்தனை ஊரில் போன வருஷத் தாளைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி எழுதுறோம்? சிரிக்கிறீங்க. எங்க ஊரிலும் அப்படித்தான் ரெண்டு வருஷம் நடந்துச்சு.

குற்றாலம், மேலகரம், இலஞ்சியிலிருந்து வந்த தங்கச்சிமார் "எங்களுக்கு கிராம சபையே கிடையாதே"ன்னு கேட்பீங்க. பேரூராட்சியில் கிடையாதுதான். 100 நாள் வேலையும் கிடையாது. இந்த வருஷம் தொடக்கத்தில் கிராமங்களை நகராட்சி, மாநகராட்சியோட சேர்க்கப் போறதா அறிவிச்சப்போ, தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் ரோட்டில் வந்து உட்கார்ந்தது அந்த வேலை போயிரும்னுதான். சீசனில் அருவிக்கு வாற கூட்டத்தோட குப்பையைச் சுமக்கிறது நீங்க. அந்தச் சீசன் வருமானம் எந்தத் தெருவுக்குச் செலவாகுதுன்னு கேட்க வேண்டியதும் நீங்கதான். உங்க வார்டு கவுன்சிலர் மன்றக் கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தின நாள் போய்ப் பாருங்க. முடிஞ்ச பிறகு போனா டீதான் கிடைக்கும்.

அக்கா கதைக்கு வாறேன். 2018-ல் விடுபட்டவுகளைச் சேர்க்க மறுபடி கணக்கெடுத்தாங்க. அந்தச் சேதி எங்களுக்கு முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. 2024-ல் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம்னு அறிவிச்சது. 2030-க்குள் 8 லட்சம் வீடு, வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 அடிக்குக் கான்கிரீட் கூரை. பட்டியலை சபையில் வாசிச்சாங்க. நாங்க ரெண்டாம் தடவை வாசிக்கச் சொன்னோம். அக்கா பேர் இல்லை. இந்தத் தடவை காரணம் வேற. குடிசை இருக்கிற இடத்தோட பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பேரில் கிடக்கு. சொந்தப் பட்டா இல்லாம இந்த வீடு கிடைக்காது.

எத்தனை பேர் வீட்டில் பட்டா மாமனார் பேரில் இருக்கு? கையைத் தூக்குங்க. (அரங்கில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள்.) பாருங்க. திட்டம் வந்த பிறகு ஓடினா பத்தாது. வாரிசுச் சான்று, கொழுந்தன்மார் சம்மதம், இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்னு ஒரு சுற்று சுற்றணும். அக்காவுக்கு எட்டு மாசம் ஆச்சு. ஒரு கொழுந்தன் கேரளாவில் இருந்தார். அவரைக் கையெழுத்துப் போட வைக்க நானும் கூடப் போனேன். போகாம இருக்க என் மனசு கேட்கலை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ரெண்டு தடவை மனு. இந்த வருஷமும் 1 லட்சம் வீடுன்னு பட்ஜெட்டில் வந்துச்சு. அதில் அவ பேர் ஏறியிருக்கு.

இப்போ வானம் தோண்டி, பேஸ்மென்ட் வரைக்கும் வந்திருக்கு. தவணைப் பணம் வேலையை அளந்து பார்த்த பிறகுதான் வரும். அதுவரைக்கும் கல்லுக்கும் மணலுக்கும் கொத்தனார் கூலிக்கும் கைக்காசு போடணும். ஓலைக் குடிசையில் இருக்கிறவகிட்ட ஏது கைக்காசு? குழுவில் உள்கடன் கொடுத்தோம். அந்தத் தீர்மானத்தை வாசிச்சது நான், முதல் கையெழுத்தும் நான்தான். அவ ஒண்ணும் சொல்லலை. "பேனாவைக் கொடு"ன்னு மட்டும் கேட்டா. மழையோட மழையா வேலை நின்னு நின்னு நடக்கு. பழைய குடிசையைப் பிரிச்சாச்சு, இந்தச் சாரலுக்கு அவளும் மகனும் எங்க வீட்டுத் திண்ணையில்தான் படுக்காங்க.

ஆகஸ்ட் 15 வருது. போன சபைத் தீர்மானத்தோட நகலை இப்பவே கேட்டு வாங்கி வச்சிருங்க. இல்லைன்னு சொன்னா 10 ரூபாய் கட்டணத்தோட தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், எழுதத் தெரியலைன்னா கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க, நான் எழுதித் தாறேன். பெரியவுக எல்லாரும் மறக்காம மூக்குக் கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. எனக்கு நேரம் முடிஞ்சிருச்சுன்னு தலைவி மணி அடிக்கிறாக.